தள்ளுவதில் என்ன இருக்கிறது?

கேள்வி: கைப்பேசியில் எண்களைத் தள்ளி ஆடும் 2048 என்ற விளையாட்டு. கதை கிடையாது, எதிரி கிடையாது, நாலு பக்கமும் தள்ளுவதைத் தவிர வேறு வேலையும் கிடையாது. ஆனாலும் என்னால் விட முடியவில்லை. அதில் அப்படி என்னதான் இருக்கிறது? பேசாமல் அழித்துவிடலாமா?

பதில்: ‘தள்ளுவதைத் தவிர’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் ‘தவிர’ எனக்கு ஒப்பவில்லை. தள்ளுவது அவ்வளவு லேசான காரியமா? அந்த ஒரு வினையை வைத்துக்கொண்டு தமிழில் நாம் எவ்வளவு வேலை வாங்குகிறோம்! இன்றைய வேலையை நாளைக்குத் தள்ளிப்போடுகிறோம். விசாரணையைத் தள்ளிவைக்கிறார்கள், மனுவைத் தள்ளுபடி செய்கிறார்கள். ஆகாதவரை ஒதுக்கித் தள்ளுகிறோம். கூட்டம் சேர்ந்தால் தள்ளுமுள்ளு, வயது கூடினால் தள்ளாமை. மனசுக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் ‘அதைத் தள்ளு’. வேறு வழியில்லாமல் கழிகிற நாளைக்கூட நாம் ‘ஓட்டித் தள்ளுகிறோம்’. கடைசியில் விவேகம் என்பதற்கும் நம்மிடம் இருக்கிற விளக்கம் கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவதுதான்.

உங்கள் விரல் அந்தச் சின்னத் திரையில் செய்வது கிட்டத்தட்ட இது எல்லாமேதான்.

தள்ளுவதிலேயே வகை இருக்கிறது. 1 முதல் 15 வரை எண் போட்ட சதுரங்கள், ஒரே ஒரு காலிக் கட்டம் என்று ஒரு பழைய புதிர் உண்டே, அதில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தள்ள முடியும், அதுவும் காலிக் கட்டத்துக்குள்தான். அதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. எல்லாம் கண்ணெதிரே இருக்கும். ஒழுங்கு செய்யப்பட்ட நிலையிலிருந்து போய்ச் சேரக்கூடிய அமைப்புகள் பத்து லட்சம் கோடிக்கு மேல். ஆனால் அவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் அதிகம் போனால் 80 நகர்த்தலில் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடலாம். சதுரங்க உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1972-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அதை அரை நிமிடத்துக்குள் முடித்துக் காட்டினார்.

2048-இல் ஒன்றை மட்டும் தள்ள உங்களால் முடியாது. இடப்பக்கம் தள்ளினால் பதினாறு கட்டப் பலகையில் உள்ள அத்தனை எண்ணும் இடப்பக்கச் சுவர் வரை போகும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே எண் இருந்தால் கலந்து இரட்டிப்பாகும். உடனே காலியாக உள்ள ஏதோ ஒரு கட்டத்தில் புதிதாக ஒன்று முளைக்கும், சராசரியாகப் பத்துக்கு ஒன்பது தடவை 2, ஒரு தடவை 4. இரண்டு 64-களைச் சேர்க்க வேண்டும் என்று நீங்கள் தள்ளுகிறீர்கள். அவை சேரும். ஆனால் அந்தத் தள்ளலில் வேறு எங்கோ பொறுமையாக அடுக்கிவைத்திருந்த வரிசை கலைந்துபோகும், நீங்கள் கேட்காத இடத்தில் ஒரு 2 வந்து உட்காரும். வேண்டியது ஒன்று, கூடவே நடப்பது பத்து. எதிரி கிடையாது என்றீர்களே, குறைந்துகொண்டே வருகிற காலிக் கட்டங்களை யார் என்று நினைத்தீர்கள்?

கதை கிடையாது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். போன வாரம் நான் ஆடிய ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். மூலை உத்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, இடம், வலம், கீழ் என்று மூன்று பக்கம் மட்டும் தள்ளுவது, மேலே தள்ளவே கூடாது. என் பலகையின் கீழ் வரிசையில் இடமிருந்து 512, 256, 128, 64. அதற்கு மேலே 4, 8, 16, 32. அதற்கும் மேலே 2, 4, 2, 4. உச்சி வரிசை முழுக்கக் காலி. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இடப்பக்கம் தள்ளினேன், அசையவில்லை. வலப்பக்கம், அசையவில்லை. கீழே, அசையவில்லை. எந்த இரண்டும் சேரவில்லை, நகர இடமும் இல்லை. மிச்சம் ஒரே வழி மேலே. கை வரவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே தள்ளினால் பன்னிரண்டும் ஒரு படி ஏறும், கீழ் வரிசை நாலும் காலியாகும். புதிய எண் அந்த நாலில் ஒன்றில் வந்தே தீர வேண்டும். மூலையில் வர நாலில் ஒரு வாய்ப்பு. தள்ளினேன். மூலையில்தான் வந்தது, 2. அவசரமாகக் கீழே தள்ளினேன், மற்ற மூன்று நெடுவரிசைகளும் இறங்கி உட்கார்ந்தன. 512 இருந்த நெடுவரிசை மட்டும் ஒரு படி மேலேயே நின்றது, 512-இன் காலடியில் அந்த 2. அதைக் கரைக்க இன்னொரு 2 அதன் பக்கத்தில் வர வேண்டும். பக்கத்தில் இருப்பதோ 256-ம் 512-ம்! அப்புறம் இருபது தள்ளல் தாக்குப்பிடித்தேன், அவ்வளவுதான். ஒரு அரசன், ஒரே ஒரு கட்டாயம், அரியணையில் ஒரு சிறுவன். இது கதை இல்லாமல் வேறு என்ன?

‘விட முடியவில்லை’ என்பதற்கு என் பதில் கணக்கில் இருக்கிறது. எண்கள் கலக்கும்போது பலகையின் மொத்தக் கூட்டுத்தொகை மாறாது, புதிதாக முளைக்கும் 2-ம் 4-ம்தான் அதைக் கூட்டுகின்றன. ஆகவே ஒரு தள்ளலுக்குச் சராசரி 2.2. அந்தக் கணக்கில் 2048-ஐ எட்டக் குறைந்தது ஏறத்தாழ 930 தள்ளல் வேண்டும். நீங்கள் 1024-ஐ முதல் தடவை பார்த்த நாளை நினைத்துப் பாருங்கள். இன்னும் ஒரே ஒரு இரட்டிப்பு என்று தோன்றியிருக்கும். உண்மையில் அப்போதுதான் பாதி தூரம் வந்திருக்கிறீர்கள். அதுவரை செய்த வேலை முழுவதையும் அந்த 1024-ஐ மூலையில் வைத்துக்கொண்டே, ஒரு கட்டம் குறைந்த பலகையில், திரும்பச் செய்ய வேண்டும். பெரிய எண்ணைத் தள்ளிப்போட்டு, சின்னதைக் கவனிக்கிறோம். சின்னது பெரிதானதும் அதைவிடச் சின்னது வந்து நிற்கிறது. நடுவில் ‘சரி, இங்கே நிறுத்தலாம்’ என்று சொல்ல ஒரு இடமே கிடையாது. கடிகாரமும் இல்லை. நீங்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் போனால், வரும்வரை அது அப்படியே காத்திருக்கிறது. இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிற ஒன்றை விட்டுப் போவது யாருக்கும் கஷ்டம்தான்.

எட்டிவிட்டால்? அதற்கு மேலும் போகலாம். பதினாறு கட்டத்தில் கணக்குப்படி வரக்கூடிய மிகப் பெரிய எண் 1,31,072. அதற்குக்கூடக் கடைசியில் சரியான இடத்தில் ஒரு 4 விழ வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு இதில் நெடுநாளாக இருக்கிற ஒரு ஆதங்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2048-ஐ எழுதியவர் காப்ரியேலே சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர். 2014 மார்ச், அப்போது அவருக்கு வயது 19. ஒரு வார இறுதியில் எழுதினார், நிரலை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தே வைத்தார். ஏற்கெனவே இருந்த ‘1024’ போன்ற ஆட்டங்களைப் பார்த்துச் செய்ததாக மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த ‘1024’ எதைப் பார்த்து வந்தது? 2014 பிப்ரவரி 6 அன்று வெளியான ‘த்ரீஸ்’ என்ற ஆட்டத்தைப் பார்த்து. ஆஷர் வோல்மர், கிரெக் வோல்வெண்ட் இருவரும் ஏறத்தாழ பதினான்கு மாதம் உழைத்துச் செய்தது அது. இசை ஜிம்மி ஹின்சன். எண்களில் தொடங்கினார்கள், எண்களுக்குப் பதில் வேறு வேறு உருவங்களை வைத்துப் பார்த்தார்கள், எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் திரும்ப எண்களுக்கே வந்தார்கள். தங்களுக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களைப் பின்னால் வெளியிட்டார்கள். எவ்வளவு யோசித்து எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்பது அவற்றில் தெரிகிறது. நீங்கள் ‘கிடையாது, கிடையாது’ என்று அடுக்கினீர்களே, அந்த ஒவ்வொரு கிடையாதுக்கும் யாரோ உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து வந்த ஆட்டம் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. பதினான்கு மாதம் உழைத்தவர்கள் பின்னால் தள்ளப்பட்டார்கள். ‘த்ரீஸ்’தான் 2048-இன் நகல் என்று நினைக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள்! எனக்கு இது பொறுக்கவே பொறுக்காது.

பழைய பதினைந்து எண் புதிருக்கும் இதே கதிதான். புதிர்ப் பக்கம் எழுதுகிறவர்களோடு எனக்கு இருக்கிற தீராத சண்டை அது. அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கப் புதிர்க்காரர் சாம் லாய்ட் என்று இன்னமும் எழுதுகிறார்கள். இல்லை. நியூயார்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா என்ற ஊரின் போஸ்ட்மாஸ்டர் நாய்ஸ் சாப்மன்தான் அதற்கு மூலவர், 1874 வாக்கிலேயே அதன் முன்வடிவத்தை நண்பர்களிடம் காட்டியிருக்கிறார். 1880-இல் அந்தப் புதிர் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பைத்தியமாக அடித்தது. லாய்ட் அதற்குப் பதினோரு வருஷம் கழித்து, 1891-இல், ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்ல ஆரம்பித்து, 1911-இல் சாகும்வரை சொன்னார். 14-ஐயும் 15-ஐயும் மட்டும் இடம் மாற்றினால் ஆயிரம் டாலர் பரிசு என்றும் அறிவித்தார். அது நடக்காது என்று ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879-லேயே கணிதமாக நிறுவியாகிவிட்டது. விஷயம் எளிது: காலிக் கட்டம் கிளம்பின இடத்துக்கே திரும்ப வர இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் தள்ள முடியும், இரண்டே சதுரங்களை மாற்றிவைக்கவோ ஒற்றைப்படை தேவை. நடக்க முடியாததற்குப் பரிசு அறிவித்தவர் பேர் நிலைத்தது, போஸ்ட்மாஸ்டர் பேர் போய்விட்டது.

இன்னொன்று. 2048-இன் இப்போதைய பல வடிவங்களில் பின்னோக்கிப் போக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். என் 512-க்கு நேர்ந்ததை அந்தப் பொத்தானால் மாற்றியிருக்கலாம், மாற்றியிருந்தால் இன்று உங்களிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. ‘த்ரீஸ்’ இதை வேறு மாதிரி கையாண்டது. விரலை மெதுவாக இழுத்து, எது எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் விரலைப் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். ஆனால் விட்டுவிட்டால் விட்டதுதான். அதில் ஒரு தள்ளலுக்கு ஒரு கட்டம்தான் நகரும், சுவர் வரை ஓடாது. அதனால் ஒவ்வொரு தள்ளலையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

அழித்துவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். பக்கத்திலேயே ‘த்ரீஸ்’ஸையும் வைத்துக்கொள்ளுங்கள். பழக்கதோஷத்தில் முதலில் 1-ஐ இன்னொரு 1-ஓடு சேர்க்கப் பார்ப்பீர்கள், சேராது. 1-க்கு 2 வேண்டும், அப்போதுதான் 3. அங்கிருந்து தொடங்குங்கள்.