எலிக்கு ஆயுளைக் கூட்டிய மாத்திரை எனக்கும் கூட்டுமா, டாக்டர்?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 46. சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. அமெரிக்காவில் பிரையன் ஜான்சன் என்பவர் வயதாவதையே தள்ளிப்போடப் பார்க்கிறார் அல்லவா, அவரைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். நானும் வயதாவதைத் தள்ளிப்போடும் என்று சொல்லி விற்கும் என்.எம்.என் மாத்திரையும், சர்க்கரை நோய் இல்லாவிட்டாலும் தினம் ஒரு மெட்ஃபார்மின் 500 மி.கி.யும் எடுத்துக்கொள்கிறேன். தூக்கத்தை அளக்கும் மோதிரம் போட்டிருக்கிறேன். 'உயிரியல் வயது' பரிசோதனையில் 41 என்று வந்தது. அடுத்து ராபமைசின், வாரம் ஒருமுறை 6 மி.கி. தொடங்கலாம் என்று இருக்கிறேன். 100 வயதைத் தாண்ட வேண்டும், முடிந்தால் 120. பி.பி. சில சமயம் 146/94 காட்டும், டென்ஷன்தான். எல்.டி.எல் என்ற கெட்ட கொழுப்பு 168. கொழுப்பைக் குறைக்க டாக்டர் ஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தார், பக்கவிளைவுகளைப் படித்துவிட்டு ஆரம்பிக்கவில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 5.8. குறட்டை விடுகிறேன் என்று மனைவி சொல்கிறார். அப்பா 53 வயதில் மாரடைப்பில் இறந்தார். ராபமைசின் எனக்குப் பாதுகாப்பானதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: ராபமைசின் வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சில விஷயங்களை எழுதியிருக்கிறீர்களே, அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

ராபமைசின் ஒன்றும் புது மருந்து இல்லை. 1964இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன மருத்துவக் குழு அங்கிருந்து மண் மாதிரிகளை எடுத்து வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரி சுரக்கும் பொருள்தான் இது. மான்ட்ரியாலில் இதன் ஆராய்ச்சியை முன்னின்று நடத்திய சுரேந்திர நாத் சேகல், பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1999இல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்று சிகிச்சைக்காக இதற்கு அனுமதி கிடைத்தது. பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு அந்நியம் என்று தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்குவதுதான் இதன் வேலை. நம் ஊரில் சிரோலிமஸ் என்று எழுதுவோம்.

ஆயுள் கதை 2009இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் ஒரே நேரத்தில், 600 நாள் ஆன எலிகளுக்கு இதைத் தீவனத்தில் கலந்து கொடுத்தன. மனிதக் கணக்கில் அவை ஏறக்குறைய 60 வயதுக்காரர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு எலிகள் இறந்து முடியும் வயதை அளவாக வைத்துப் பார்த்தபோது பெண் எலிகளுக்கு 14 சதவீதமும் ஆண் எலிகளுக்கு 9 சதவீதமும் கூடியிருந்தது. மூன்று இடத்திலும் ஒரே திசையில் முடிவு வந்ததால், இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. நானும் தள்ளிவிடவில்லை.

ஆனால் அந்த எலிகள் பெரும்பாலும் எதனால் சாகின்றன தெரியுமா? புற்றுநோயால். ராபமைசின் செல்கள் வளர்ந்து பெருகும் வேகத்தைக் குறைக்கிற மருந்து, அதனால் புற்றைத் தள்ளிப்போடுகிறது. எலிக்கு நம்மைப் போல மாரடைப்பு வருவதில்லை. அது கிருமி புகாத கூண்டில் வாழ்கிறது, மின்சார ரயிலில் யாரும் அதன் முகத்தில் இருமுவதில்லை. உங்கள் குடும்பத்தில் வந்து போனது மாரடைப்பு. நீங்கள் வாழ்வது, காசநோய்க் கிருமி ஏராளமானவர்களின் நுரையீரலில் தூங்கிக்கொண்டிருக்கும் நாட்டில். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுக்கும் முன் நாங்கள் காசநோய்க்குப் பரிசோதனை செய்வது அதனால்தான்.

மனிதர்களிடம் இதுவரை என்ன தெரிந்திருக்கிறது? ஆரோக்கியமான நடுத்தர வயதுக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் வாரம் 5 அல்லது 10 மி.கி. வீதம் 48 வாரம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2025இல் வெளிவந்தது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு குறைகிறதா என்பதுதான் அதன் முக்கியக் கேள்வி. குறையவில்லை. 10 மி.கி. எடுத்த பெண்களுக்குத் தசை கொஞ்சம் கூடியது. ஆயுள் கூடுகிறதா என்பதை 48 வாரத்தில் யாராலும் பார்க்க முடியாது.

நீங்கள் பின்பற்றும் பிரையன் ஜான்சனே ஏறக்குறைய 5 வருடம் ராபமைசின் சாப்பிட்டுவிட்டு, 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டார். தோலில் அடிக்கடி தொற்று, கொழுப்பு அளவில் கோளாறு, ரத்தச் சர்க்கரை ஏற்றம், ஓய்வில் இருக்கும்போதே நாடித்துடிப்பு அதிகம் என்று காரணங்களை அவரே வெளிப்படையாக எழுதினார். அதற்கு முந்தைய வருடம் மகனின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, ஏற்றிப் பார்த்ததும் பலன் தெரியவில்லை என்று கைவிட்டார். பேமென்ட் நிறுவனத்தை 80 கோடி டாலருக்கு விற்றவர், உடம்புக்காக வருடம் 20 லட்சம் டாலர் செலவழிப்பதாகச் சொல்பவர், கூடவே ஒரு டாக்டர் கூட்டம் வைத்திருப்பவர். அவருக்குச் சர்க்கரை ஏறினால் மறுநாளே தெரிந்துவிடும். நீங்கள் வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி ஹெல்த் செக்கப்பில்தான் பார்ப்பீர்கள்.

சிறுநீரகம் மாற்றியவர்கள் இந்த மருந்தில் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். வாய்க்குள் உதட்டோரம், நாக்கின் அடியில் வெள்ளையாகப் புண் வரும். ரசம் பட்டாலே கண்ணில் நீர் வந்துவிடும், தயிர்சாதமும் இட்லியுமாக வாரக்கணக்கில் ஓட்டுவார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை, மாற்றுச் சிறுநீரகம் நிலைக்க வேண்டும். உங்களுக்கு என்ன கட்டாயம்? வாரம் ஒருமுறை எடுத்தால் தொல்லை குறைவுதான், ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. அப்புறம், பல் பிடுங்கினால் புண் ஆறத் தாமதமாகும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், கிளாரித்ரோமைசின், பி.பி.க்குக் கொடுக்கும் டில்டியாசெம் போன்றவற்றோடு சேர்ந்தால் ரத்தத்தில் இதன் அளவு எக்கச்சக்கமாக ஏறும்.

இதில் எனக்குப் புரியாத இடம் ஒன்று இருக்கிறது. பக்கவிளைவுக்குப் பயந்து ஸ்டாட்டினை ஒதுக்கினீர்கள். ராபமைசினின் நன்கு தெரிந்த பக்கவிளைவே கொழுப்பை ஏற்றுவதுதான். 168 இருப்பவர் அதைப் போட்டால் எங்கே போய் நிற்கும்?

மெட்ஃபார்மினுக்கு வருகிறேன். அதைச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், சர்க்கரையே இல்லாதவர்களைவிடச் சற்று அதிக நாள் வாழ்கிறார்கள் என்று 2014இல் பிரிட்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பரபரப்பு அங்கேதான் ஆரம்பம். 2022இல் டென்மார்க்கில் அதே கேள்வியை மறுபடி ஆராய்ந்தபோது அப்படி எதுவும் தென்படவில்லை. முதியவர்கள் உடற்பயிற்சி செய்யும்போது மெட்ஃபார்மினும் எடுத்தால் தசை கூடுவது குறைகிறது என்று இன்னோர் ஆய்வு சொல்கிறது. நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையும், சைவம் சாப்பிடுபவராக இருந்தால் இன்னும் வேகமாக.

ஆனால் உங்கள் 5.8 சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். அதுவும் மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கொண்டே 5.8. 'சர்க்கரை இல்லை' என்று நிம்மதியாக எழுத முடியாது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்களை வைத்து உங்கள் சென்னையிலேயே டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4. இரண்டும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 28.2, அதாவது கூடுதல் லாபம் இல்லை. எனவே உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு மெட்ஃபார்மினை மூன்று மாதம் நிறுத்தி எச்.பி.ஏ1சியை மறுபடி பாருங்கள். உண்மையான அளவு அப்போதுதான் தெரியும். பி12, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் அதோடு பார்த்துவிடுங்கள்.

என்.எம்.என் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. செல்கள் ஆற்றல் உண்டாக்கத் தேவையான என்.ஏ.டி என்ற பொருளின் அளவை ரத்தத்தில் ஏற்றுகிறது, சரி. அதன் நெருங்கிய உறவான நிகோடினமைட் ரைபோசைடை மேலே சொன்ன எலித் திட்டத்திலேயே கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. அந்தக் காசுக்கு நல்ல நடைக் காலணி வாங்கலாம்.

உயிரியல் வயது 41 என்றதும் மகிழ்ந்திருப்பீர்கள். டி.என்.ஏ மீது ஒட்டியிருக்கும் அடையாளங்களை எண்ணி வயதைக் கணிக்கும் முறையை 2013இல் ஸ்டீவ் ஹார்வத் உருவாக்கினார். நல்ல ஆராய்ச்சிக் கருவி அது. ஆனால் ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை ஓட்டினால் சில கணிப்பு முறைகளில் 9 வருடம் வரை வித்தியாசம் வரும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். உங்கள் 41, நாளைக்கே 48 ஆகலாம்.

தன் உடம்பிலேயே சோதனை செய்துகொண்டு 'தெம்பாக இருக்கிறேன்' என்று சொல்வது பழைய வழக்கம். 1889இல் பாரிசில் பிரவுன்-செக்கார் என்ற பெரிய உடலியல் அறிஞர் தன் 72ஆவது வயதில் நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாக அறிவியல் கூட்டத்தில் அறிவித்தார். ஐரோப்பா முழுக்க அந்த ஊசிக்கு அலைந்தார்கள். ஐந்து வருடத்தில் அவர் காலமானார். 120 வயதைத் தாண்டியதற்கு ஏற்கப்பட்ட ஆவணம் உள்ளவர் இதுவரை ஒரே ஒருவர், 1997இல் 122 வயதில் இறந்த பிரெஞ்சுப் பெண்மணி ழான் கல்மான். அவர் எந்த மாத்திரைத் திட்டத்தையும் பின்பற்றவில்லை. போதாக்குறைக்குப் பல பத்தாண்டுகள் சிகரெட்டும் பிடித்தார்.

இனி உங்கள் கடைசி வரிகள். 146/94ஐ டென்ஷன் என்று ஒதுக்க முடியாது. மேல்கையில் கட்டும் பி.பி. மெஷின் ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன், முதுகு சாய்ந்தபடி, கால் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். போனை எடுக்காதீர்கள். கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். இரவிலும் அதேபோல. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, சிகிச்சை வேண்டும்.

குறட்டையும் பி.பி.யும் சேர்ந்து வந்தால் நான் உடனே தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று யோசிப்பேன். தூக்கத்தில் சில விநாடி மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறீர்களா என்று மனைவியிடம் கேளுங்கள். காலையில் தலைவலி, வாய் வறட்சி, மதியம் மீட்டிங்கில் கண் சொருகுவது உண்டா? மோதிரம் காட்டும் மதிப்பெண்ணை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. தூக்கப் பரிசோதனை ஒன்று செய்யுங்கள், வீட்டிலேயே ஒரு இரவு கருவி மாட்டிச் செய்வதும் உண்டு.

ஸ்டாட்டின் விஷயத்தில் உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி. தந்தைக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு என்றால், உங்களுக்கு ஆபத்து கூடுதல் என்றே கணக்கு. 1995இல் ஸ்காட்லாந்தில், மாரடைப்பு வராத, கொழுப்பு அதிகமுள்ள, 45 முதல் 64 வயது ஆண்கள் 6,595 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் இதய நோய்ச் சாவும் 31 சதவீதம் குறைந்தன. இது எலிக் கணக்கு இல்லை, உங்களைப் போன்ற ஆண்களின் கணக்கு. பக்கவிளைவு பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேருக்கு, 2020இல் வெளியான லண்டன் ஆய்வில், மருந்தும் போலி மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் பட்ட தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது. நிஜமாகவே தசைவலி வந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம்.

ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு வகைத் துகளை அளக்கும் லைப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும், செய்துவிடுங்கள். இது பரம்பரையாக வருவது, அப்பாவின் மாரடைப்புக்கு இதுகூடக் காரணமாக இருந்திருக்கலாம். அதிகமாக இருந்தால் உங்கள் உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏழு நாள் பி.பி. சராசரி, மெட்ஃபார்மின் நிறுத்திய பிறகான எச்.பி.ஏ1சி, தூக்கப் பரிசோதனை முடிவு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஸ்டாட்டின் எழுதிக் கொடுத்த அதே டாக்டரிடம் போங்கள். மாத்திரையை ஆரம்பிக்கவில்லை என்பதையும், என்.எம்.என், மெட்ஃபார்மின் சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இடையில் நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கம் வந்தால் இந்த வரிசையையெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள்.