சொன்ன பேச்சைக் கேட்காத முன்சக்கரம்

கேள்வி: 2018 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் இரண்டு முறை ஓட்டினேன். ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி வளைவின் வெளிப்பக்கமாகவே போகிறது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இறக்கினால் சரியாகுமா? செலவு குறைவாக இருக்க வேண்டும். (வாசகர், பூந்தமல்லி)

பதில்: இறக்காதீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன், பட்டறையில் சொன்னார்களே என்று நல்ல காசு கொடுத்து லோயரிங் ஸ்பிரிங் போட்டேன், பார்க்க வண்டி அழகாகத்தான் இருந்தது, ஆனால் அண்டர்ஸ்டியர் (ஸ்டீயரிங் ஒடித்த அளவுக்குத் திரும்பாமல் வண்டி வெளிப்பக்கம் போவது) முன்பைவிட மோசமானது. காரணம் பிறகுதான் புரிந்தது. உங்கள் வண்டியிலும் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண். வண்டியை இறக்கும்போது, சக்கரத்தைக் கீழ்ப்பக்கமாக வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், வண்டி இறங்கிய அளவைவிட அதிகமாகக் கீழே போய்விடும். அதனால் வண்டி இன்னும் சாயப் பார்க்கும், ஸ்பிரிங் கொஞ்சம் கடினமானதால் கிடைத்த லாபத்தை அது தின்றுவிடுகிறது. போதாததற்கு, வண்டி சாயும்போது வெளிப்பக்க முன்சக்கரத்தின் கேம்பரும் (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) கெட்டுப்போகிறது.

கேம்பரில்தான் உங்கள் பிரச்சினையின் பாதி இருக்கிறது. வளைவில் அதிக வேலையைச் செய்வது வெளிப்பக்க முன் டயர். வண்டி சாயச் சாய அந்தச் சக்கரத்தின் தலை வெளியே போகும், டயர் தன் வெளி ஓரத்தில் மட்டும் நின்றுகொண்டு அரைபடும். உங்கள் முன் டயர்களைத் தடவிப் பாருங்கள், வெளி ஓரம் மட்டும் சொரசொரப்பாக உரிந்திருந்தால் இதுதான் விஷயம். இதற்கு மருந்து நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலையை முன்கூட்டியே உள்பக்கம் சாய்த்து வைப்பது. ஸ்விஃப்ட்டில் ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இரண்டு போல்ட் பிடித்திருக்கிறது. அதில் ஒன்றை எடுத்துவிட்டு, சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரிக்கு மேல் கிடைக்கும். சாதாரண ரோட்டு டயருக்கு மைனஸ் ஒன்றரை முதல் இரண்டு டிகிரி வரை போகலாம். போட்டதும் கட்டாயம் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேம்பர் மாறினால் டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறிவிடும்.

அதற்கும் முன்னால், காசே செலவாகாத ஒன்று: டயர் காற்று. குளிர்ந்த நிலையில் அளந்ததோடு விட்டுவிடாதீர்கள். நாலைந்து சுற்று ஓட்டிவிட்டு பிட்டுக்குள் (டிராக்கோரம் வண்டியை நிறுத்தும் இடம்) வந்த உடனே அளந்து பாருங்கள், ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறியிருக்கும். டயரின் தோள்பட்டையில், தரையில் படும் பகுதியும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில், சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு சுவர்ப்பக்கம் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்றைக் கூட்டுங்கள். அழிவது ஓரத்துக்கு வரவே இல்லையென்றால் குறையுங்கள். முன்னால் சரியான பிறகும் மூக்கு திரும்ப மறுத்தால் பின்னால் மூன்று பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள், பின்பக்கப் பிடிப்பு கொஞ்சம் குறைந்து வண்டி திரும்ப ஆரம்பிக்கும்.

அப்புறம்தான் பின் ஆன்டி-ரோல் பார், அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி. இதை ஏன் பின்னால் போடுகிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மொத்தம் எவ்வளவு எடை மாறும் என்பது வண்டியின் எடை, அதன் மையம் இருக்கும் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவின் வேகம் இவற்றைப் பொறுத்தது. பாரை மாற்றுவதால் அந்த மொத்தம் மாறாது, முன்னும் பின்னும் அதை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதுதான் மாறும். டயர் மேல் எடை இரண்டு மடங்கானாலும் பிடிப்பு இரண்டு மடங்காகாது. அதனால் பின்பக்கம் அதிகப் பங்கை ஏற்றுக்கொண்டால் முன்பக்க ஜோடிக்குப் பாரம் ஓரளவு சமமாகி, அந்த ஜோடியின் மொத்தப் பிடிப்பு கூடும். ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. யாரையாவது வெளியே நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். வளைவில் உங்கள் உள்பக்கப் பின்சக்கரம் ஏற்கெனவே தரையை விட்டுத் தூக்குகிறது என்றால் பின்னால் மாற்றுவதற்கு எடையே மிச்சமில்லை, அந்த இடத்தில் இன்னும் தடிமனான பார் போட்டும் பிரயோஜனம் இல்லை.

ஒன்றை மாற்றுங்கள், ஓட்டுங்கள், எழுதி வையுங்கள், பிறகு அடுத்தது. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

இன்னொன்று, மனம் நோகாமல் கேளுங்கள். அண்டர்ஸ்டியர் எங்கே வருகிறது? வளைவுக்குள் நுழையும்போதே என்றால் பெரும்பாலும் நீங்கள் வேகமாக நுழைகிறீர்கள், அல்லது பிரேக்கைச் சட்டென்று விட்டுவிட்டுத் திருப்புகிறீர்கள். பிரேக்கை மெதுவாக விட்டுக்கொண்டே திருப்பினால் முன் டயர் மேல் எடை நிற்கும். வளைவு முடியும்போது என்றால் ஆக்ஸிலரேட்டரைச் சீக்கிரம் மிதிக்கிறீர்கள். இழுப்பதும் திருப்புவதும் அதே இரண்டு டயர்கள்தானே! வளைவின் நடுவில், சீரான வேகத்தில் வருவதுதான் சஸ்பென்ஷனின் வேலை.

கேள்வி: முன் ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாகப் போட்டால் சாய்வு குறையுமே, அது நல்லதுதானே? (வாசகர், கோவை)

பதில்: சாய்வு குறையும், ஆனால் பெரும்பாலான முன்சக்கர இழுவை வண்டிகளில் அண்டர்ஸ்டியர் கூடும். கேம்பர் ரொம்ப மோசமாகக் கெடும் வண்டிகளில் மட்டும் சில சமயம் உதவும். கேம்பரைச் சரிசெய்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

கேள்வி: பின் பார் போட்டாயிற்று. டிராக்கில் அருமை. தினமும் அதே செட்டப்பில் ஆபீஸ் போகலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: மழைக்காலம் என்றால் வேண்டாம் என்பேன். பின்பக்கப் பிடிப்பைக் குறைத்துத்தான் வண்டியைத் திருப்ப வைத்திருக்கிறீர்கள். ஈரமான மேம்பால வளைவில் முன்னால் ஒரு லாரி திடீரென்று வேகம் குறைக்க, நீங்கள் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் ஓடி, பின்பக்கம் வீசிவிடும். பார் அட்ஜஸ்ட் செய்யக்கூடியது என்றால், அதன் முனையில் உள்ள துளைகளில் பாரை மென்மையாக்கும் துளைக்கு மாற்றுங்கள். பின் டயரில் கூட்டிய காற்றை, டிராக்கை விட்டுக் கிளம்பும் முன் டயர் ஆறியதும், கதவோரத் தாளில் போட்டிருக்கும் அளவுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். பின் டயர் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.