தூண் வரிசை இல்லாத ஏரிக்கரை மாளிகை

கேள்வி: இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில், பெல்லாஜியோ என்ற ஊரில் உள்ள மெல்ட்சி மாளிகையின் படத்தைப் பார்த்தேன். புதுச்செவ்வியல் பாணிக் கட்டடம் என்று அதன் கீழே குறித்திருந்தார்கள். எங்கள் ராயபுரம் ரயில் நிலையத்தையும் அதே பாணி என்கிறார்கள். இங்கே தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. அங்கே வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. இரண்டும் எப்படி ஒரே பாணியாகும்? அந்த மாளிகையைக் கட்டியது யார்?

(வாசகர், ராயபுரம்)

பதில்: கட்டச் சொன்னவர் பிரான்செஸ்கோ மெல்ட்சி. 1802 முதல் 1805 வரை நிலவிய இத்தாலியக் குடியரசுக்கு நெப்போலியன் தலைவர், இவர் துணைத் தலைவர். தலைவர் பாரிஸிலேயே இருந்துவிட்டதால் அன்றாட ஆட்சிப் பொறுப்பு மிலானில் இவர் தலையில் விழுந்தது. 1805இல் குடியரசு முடியரசாகி, நெப்போலியனே மன்னராக முடிசூடிக்கொண்ட பிறகு இவருக்குப் பட்டங்கள் மிஞ்சின, அதிகாரம் மிஞ்சவில்லை. மாளிகை எழுந்தது அதன் பின்னர், 1808க்கும் 1810க்கும் இடையில்.

கட்டடக் கலைஞர் ஜொகொந்தோ அல்பெர்தொல்லி. வேடிக்கை என்னவென்றால், அவர் மிலானின் பிரேரா கலைக்கழகத்தில் அலங்கார வேலைப்பாட்டைக் கற்பித்த ஆசிரியர். அரண்மனைகளின் உட்கூரைகளில் சுதையால் பூவும் கொடியும் படரவிட்டுப் பெயர் வாங்கியவர். அத்தகையவர் இங்கே வெளிச்சுவரில் கைவரிசை காட்டாமல் அடக்கிக்கொண்டார். ஏரியை நோக்கிய முகப்பில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் பிசகாமல் அமைந்த சன்னல் வரிசைகள், இரு பக்கமிருந்தும் ஏறிவரும் படிக்கட்டு, அதன் அருகே கல் சிங்கங்கள்; பெரிய ஆர்ப்பாட்டம் ஏதுமில்லை.

இந்தப் பாணிக்கு அடிப்படை, பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களிலிருந்து பெற்ற அளவுப் பொருத்தமும் சமச்சீரும்தான். தூண் அதன் வெளிப்படையான அடையாளங்களுள் ஒன்று. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் நிலையம், மதராஸ் ரயில்வேயின் முதல் பாதைக்குத் தலைவாசலாக இருந்ததால், பார்ப்பவரை மலைக்க வைக்க வேண்டியிருந்தது. தூண்களின் உச்சியில் இலைக்கொத்து விரிந்த கொரிந்தியப் போதிகைகள் அந்த வேலையைச் செய்தன. பதவியின் உச்சியைப் பார்த்துவிட்டு ஓய்வை நாடிய மெல்ட்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பது என் கருத்து.

செலவும் கற்பனையும் தோட்டத்தில் தெரிகின்றன. கட்டடக் கலைஞர் லூயிஜி கனோனிகாவும் தாவரவியலாளர் லூயிஜி வில்லோரேசியும் கரைச் சரிவை, இயற்கை நிலக்காட்சி போலத் தோன்றும் ஆங்கிலேயப் பாணித் தோட்டமாக ஆக்கினார்கள். தண்ணீரை ஒட்டி மூரிய பாணியில் (வட ஆப்பிரிக்க, ஸ்பானிய இஸ்லாமியக் கட்டடப் பாணி) ஒரு சிறு மண்டபம், அருகே இத்தாலியக் கவிஞர் தாந்தேயும் அவர் காதலித்த பெயத்ரிசும் நிற்கும் சிலை, கரையோரமாகக் கிளை கத்தரித்த பிளேன் மரங்களின் சாலை ஆகியவற்றை இன்றும் பார்க்கலாம். மாளிகை தனியார் வசம் உள்ளது. பொதுமக்களுக்குத் திறந்திருப்பவை தோட்டமும், சிற்றாலயமும், அருங்காட்சியகமாக்கப்பட்ட பழைய ஆரஞ்சுச் செடிக்கூடமுமே.