சீட்டா, ஹேண்டிலா: எதை முதலில் நகர்த்துவது?

கேள்வி: என் உயரம் 168 செ.மீ., கால் உள்ளளவு (கவட்டிலிருந்து தரை வரை) 78 செ.மீ. என்னைவிட உயரமான ஒருவரிடமிருந்து பழைய கார்பன் டிரையத்லான் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். கோவா 70.3 டிரையத்லான் போட்டிக்காக (நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்) ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஓட்டிப் பழகுகிறேன். ஏரோபாரில் (முழங்கையை ஊன்றி ஓட்டும் முன் கம்பி) குனிந்து 20 கி.மீ. போவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்கிறது, தொடைநடுவே மரத்துப்போகிறது, ஹேண்டிலும் எட்டமாக இருக்கிறது. ஒரு நண்பர் சீட்டை முன்னால் தள்ளு என்கிறார். இன்னொருவர், கையில் பாரம் விழுகிறது, பின்னால் தள்ளு என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். சீட் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கிராங்க்தான் (பெடல் மாட்டியிருக்கும் சுழலும் தண்டு), ஹேண்டில் அல்ல. கால் நன்றாக வேலை செய்யும் இடத்தில் சீட்டை வைத்துவிட்டு, அதற்கப்புறம் ஹேண்டிலை உங்களிடம் கொண்டுவர வேண்டும். ஹேண்டில் எட்டவில்லை என்று சீட்டை நகர்த்தினால் கழுத்து வலி முழங்காலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

அளவெடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. டிரையத்லான் சைக்கிளில் ஓட்டுபவரின் முகம் நேராக ஸ்டெம்முக்கு, அதாவது ஹேண்டிலை வண்டியோடு பிணைக்கும் குட்டைத் துண்டுக்கு, மேலே இருக்கும். வியர்வையும் பாட்டிலில் இருந்து சிந்தும் சர்க்கரைத் தண்ணீரும் வருடக்கணக்கில் அங்கேயே சொட்டியிருக்கும். முழங்கை ஊன்றும் கைப்பேடைப் பிய்த்துப் பாருங்கள், அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும், போல்ட் தலையில் துரு ஏறி ஆலன் கீ வழுக்கும். கடலோரக் காற்றில் நின்ற வண்டி என்றால் இன்னும் மோசம். பேட், ஸ்டெம், ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) மூடி ஆகியவற்றின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்துப் போடுங்கள். துருப்பிடித்ததைத் தயங்காமல் மாற்றுங்கள். உங்கள் மேலுடம்பின் பாரம் அந்தச் சின்ன போல்ட்டுகள் மேல்தான் இருக்கப்போகிறது. சீட்டைத் தாங்கும் குழாயான சீட்போஸ்டையும் வெளியே எடுத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பப் போடும்போது வழுக்காமல் பிடிக்கும் கார்பன் பேஸ்ட் தடவி, அதில் அச்சடித்திருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். கார்பனைக் கைக்கணக்கில் முறுக்கவே கூடாது.

இப்போது சீட் உயரம். கால் உள்ளளவை 0.883-ஆல் பெருக்கும் பழைய கணக்கு தொடங்குவதற்குப் போதும். உங்களுக்கு 78 × 0.883, அதாவது சுமார் 68.9 செ.மீ. கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட் டியூப் (சீட்போஸ்ட் நுழையும் ஃபிரேம் குழாய்) போக்கில் சீட்டின் மேற்பரப்பு வரை இந்த அளவு வர வேண்டும். பிறகு வண்டியை டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) மாட்டி, பத்து நிமிடம் மிதித்து உடம்பு சூடானதும் பக்கவாட்டில் வீடியோ எடுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 30 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருந்தால் சரி. பின்னாலிருந்து பார்க்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம்.

முன்னா பின்னா என்ற கேள்விக்கு வருவோம். சாதாரண ரோடு சைக்கிளில் சீட் டியூப் 73, 74 டிகிரி சாய்வில் இருக்கும். அதே இடத்தில் உட்கார்ந்து ஏரோபாரில் குனிந்தால் தொடை வயிற்றில் இடிக்கும், இடுப்பு மடிப்பு இறுகும், மூச்சும் முட்டும். 1987-ல் டான் எம்ஃபீல்டு தொடங்கிய குயின்டானா ரூ நிறுவனம் செங்குத்தான சீட் டியூபைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். உடம்பின் கோணங்களை மாற்றாமல், மொத்த உடம்பையும் கிராங்க் அச்சைச் சுற்றிக் கடிகார முள் போல முன்னால் திருப்பிவிடுவது அதன் யோசனை. இறங்கியதும் 21.1 கி.மீ. ஓட வேண்டியவருக்கு இந்த இடுப்பு இடைவெளி ரொம்ப முக்கியம்.

ஆகவே பின்னால் தள்ளச் சொன்ன நண்பரின் யோசனை இந்த வண்டிக்குப் பொருந்தாது. வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, சீட் நுனியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நூல் கிராங்க் மையத்துக்கு 2 முதல் 5 செ.மீ. பின்னால் விழுந்தால் நல்ல தொடக்கம். நுனி பிளந்த சீட் என்றால் நீங்கள் அதன் முன்பகுதியிலேயே உட்காருவீர்கள், அதனால் அதை இன்னும் சற்றுப் பின்னால் வைக்கலாம். 1 செ.மீ. முன்னால் தள்ளினால் பெடலுக்கான தூரம் 2, 3 மி.மீ. குறையும், அந்த அளவு சீட்டை உயர்த்திக்கொள்ளுங்கள். நுனி ஒன்றிரண்டு டிகிரி கீழே பார்க்கலாம். அதற்கு மேல் சாய்த்தால் நீங்கள் வழுக்கி முன்னால் போவீர்கள், மொத்தப் பாரமும் தோளில் ஏறும்.

உங்கள் கழுத்துக்கும் மரத்துப்போவதற்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும். ஹேண்டில் எட்டம் என்பதால் உங்களை அறியாமலேயே சீட்டின் நுனிக்கு நகர்கிறீர்கள், நரம்பு நசுங்குகிறது. கை நீண்டு கிடப்பதால் எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைத் தோள் தசைகள் தாங்குகின்றன. பழைய ஓட்டுநர் உயரமானவர் என்பதால் முன்பக்கம் அவருக்கான நீளத்தில்தான் இருக்கும். வீடியோவில் பாருங்கள்: மேல்கை கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கி, முழங்கை 90 முதல் 100 டிகிரி வரை மடங்கி, முழங்கைக்குச் சற்று முன்னால் பேட் தாங்க வேண்டும்.

செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பேட் தாங்கிகளில் நாலைந்து துளைகள் இருக்கும், பேடைப் பின் துளைக்கு மாற்றுங்கள். அப்புறம் கையால் பிடிக்கும் நீட்டுக்குழாயை உள்ளே தள்ளுங்கள். கியர் ஷிஃப்டர் நுனியில் இருப்பதால் கேபிளையும் கூடவே சரி செய்ய வேண்டியிருக்கும். போதவில்லை என்றால் மட்டும் ஸ்டெம்மை 100 மி.மீ.யிலிருந்து 80-க்கு மாற்றுங்கள். மாற்றியதும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹெட்செட்டில் டக் டக் என்று ஆட்டம் தெரியக் கூடாது.

உயரம் இன்னொரு பக்கம். பேடுக்கு அடியில் 2, 3 செ.மீ. ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) போட்டு முன்பக்கத்தை உயர்த்துங்கள். அதற்கேற்ற நீளமான போல்ட் கண்டிப்பாக வேண்டும், பழைய போல்ட் இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தால் ஒரு குழியில் பேட் கையோடு வந்துவிடும். தாழ்வாக இருந்தால்தான் வேகம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், 90 கி.மீ. முழுக்கத் தாங்கக்கூடிய உயரத்தில் இருப்பவர், தாழ்வாக வைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து கழுத்தைத் தேய்ப்பவரைவிடச் சீக்கிரம் முடிக்கிறார். பழகப் பழக ஒவ்வொரு ஸ்பேசராக எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பிறகு தொடை வயிற்றில் இடித்தால் கிராங்கைப் பாருங்கள். அதன் நீளம் 172.5 மி.மீ. என்றால் உங்கள் உயரத்துக்கு 165 யோசிக்கலாம். கிராங்க் 7.5 மி.மீ. குறைவதால் சீட் 7.5 மி.மீ. உயரும், மேலே வரும்போது முழங்காலும் அதே அளவு தாழும், ஆக இடுப்புக்கு 15 மி.மீ. இடம் கிடைக்கிறது. காசு செலவாகும் வேலை, அதனால் கடைசியில்.

பேடைப் பின்னுக்கு இழுத்து, 80 மி.மீ. ஸ்டெம்மும் போட்ட பிறகும் எட்டமாகவே இருந்தால் ஃபிரேம் உங்களுக்குப் பெரிது. அதை விற்றுவிட்டு ஒரு அளவு சின்னதாக வாங்குவதுதான் நல்லது. இறங்கிய பிறகும் மரத்துப்போனது போகவில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதையும் முதலில் டிரெய்னரில், பிறகு விடியற்காலை ஆளில்லாத சாலையில். ஏரோபாரில் இருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது, எனவே போக்குவரத்துக்கு நடுவே பரிசோதனை வேண்டாம். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுங்கள். சீட்போஸ்ட் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி, சீட் தண்டவாளத்தில் மார்க்கரால் கோடு போட்டு, அளவுகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கோவாவுக்குப் பெட்டியில் கட்டும்போது பேடைத் தனியாகக் கழற்றாமல் ஹேண்டிலை மொத்தமாக ஸ்டெம்மிலிருந்து எடுங்கள். இரவல் ஆலன் கீயோடு ஹோட்டல் அறையில் உட்கார்ந்தாலும் அரைமணி நேரத்தில் பழைய அளவுக்கே பூட்டிவிடலாம்.