‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் என்ன அர்த்தம்? குமரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மக்கள் பிரதிநிதிகளுக்கு அவைக் கேள்விகள் எழுதிக்கொடுக்கும் வேலையைப் பல வருடம் பார்த்தவன் நான். ரப்பர், ரயில், ரோடு, துறைமுகம் பற்றி அமைச்சர்கள் அவையில் சொல்லும் பதில்களைக் குறித்து நம் மாவட்ட வாசகர்கள் அனுப்பியவற்றில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் விலை விழும்போதெல்லாம் வேளாண் அமைச்சருக்கு மனு அனுப்புகிறோம். ஒன்றும் நடப்பதில்லை. எம்.பி. மூலம் கேள்வி கேட்க வைத்தால் பலன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இதுவரை கதவு மாறித் தட்டியிருக்கிறீர்கள். கன்று நடுவதும் பால் வெட்டுவதும் விவசாயம்தான். டெல்லியில் மட்டும் ரப்பர் வணிக அமைச்சகத்தின் பொறுப்பு. 1947-ஆம் ஆண்டு ரப்பர் சட்டப்படி அமைந்த ரப்பர் வாரியம் கோட்டயத்தில் இருந்துகொண்டு அந்த அமைச்சகத்தின் கீழ்தான் இயங்குகிறது. தென்னையில் இன்னும் சிக்கல். தென்னை வளர்ச்சி வாரியம் வேளாண் அமைச்சகத்தில் இருக்கிறது. அதே தேங்காயின் நாரைக் கயிறாகத் திரித்தால், கயிறு வாரியம் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தில் இருக்கிறது. எந்த அமைச்சருக்கு என்று தெரியாமல் எழுதும் மனு மேசை மேசையாகச் சுற்றும்.

அடுத்தது கேள்வியின் வடிவம். ‘ரப்பர் விவசாயிகளைக் காப்பாற்ற அரசு நடவடிக்கை எடுக்குமா?’ என்று கேட்டால், மறுநடவு மானியத்திலிருந்து பயிற்சி முகாம் வரை ஒரு நீளமான திட்டப் பட்டியல் வரும். அதில் உங்களுக்கு வேண்டியது ஒன்றும் இருக்காது. இறக்குமதி வரியைக் கேளுங்கள். ஷீட் போன்ற உலர் ரப்பருக்கான வரியை 2015 ஏப்ரலில் 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தினார்கள். ஆனால் அந்த உத்தரவிலேயே ஒரு வால் இருக்கிறது: 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ 120 ரூபாய்க்கு வந்து இறங்கும் ரப்பருக்கு 25 சதவீதம் என்பது சரியாக 30 ரூபாய். அதுவே 200 ரூபாய் ரப்பர் என்றால் 25 சதவீதம் 50 ரூபாய் ஆக வேண்டும். வசூலாவதோ அதே 30 ரூபாய், அதாவது 15 சதவீதம்தான்.

உலக வர்த்தக அமைப்பில் இந்தியா ஒப்புக்கொண்ட உச்சவரம்பு 25 சதவீதம். அதனால் வரியை அதற்கு மேல் கூட்டச் சொன்னால், ‘சர்வதேச ஒப்பந்தப்படி முடியாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த 30 ரூபாய் வால் அப்படியல்ல. அது நம் அரசே வைத்தது, நம் அரசே எடுக்கலாம். ஆகவே கேள்வி இப்படிப் போகட்டும்: கடந்த மூன்று ஆண்டுகளில் இறக்குமதியான உலர் ரப்பர் எவ்வளவு? அதில் வரி கட்டி வந்தது எவ்வளவு, ஏற்றுமதிக்கான உரிமத்தின் பேரில் வரியில்லாமல் வந்தது எவ்வளவு? ரசாயனம் சேர்த்து வரும் கலவை ரப்பர் எவ்வளவு? 30 ரூபாய் உச்சவரம்பை நீக்கும் யோசனை உண்டா, இல்லையென்றால் என்ன காரணம்? கலவை ரப்பரைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதன் வரி 10 சதவீதமாக இருந்தது. 2023 பட்ஜெட்டில்தான் 25 ஆக்கினார்கள், அதிலும் அதே ‘எது குறைவோ’ வால்.

இன்னொன்று. கேரள எம்.பி.க்கள் ரப்பரைப் பற்றிக் கேட்டு வாங்கிய பதில்களையும் படியுங்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இதே பால், இதே ஒட்டுப்பால், இதே விலை. அவர்கள் ஏற்கெனவே வாங்கிய பதிலை மறுபடி வாங்க நம் எம்.பி.யின் ஒரு கேள்வியை வீணாக்க வேண்டாம். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

கேள்வி (இரணியல்): எங்கள் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்று எத்தனை முறை கேட்டாலும் ‘தொடர்ச்சியான நடைமுறை’ என்றே பதில் வருகிறது. இதற்கு என்ன பொருள்?

பதில்: புதிய ரயில், நிறுத்தம் இரண்டுக்கும் வழக்கமாக வரும் வாசகம் அது. ‘நிறுத்தம் வழங்குவது தொடர்ச்சியான நடைமுறை, இயக்கச் சாத்தியம், பயணிகள் வரத்து ஆகியவற்றுக்கு உட்பட்டது.’ இதில் ஆம் என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. பொதுவாகக் கேட்கும் கேள்விக்குத்தான் இது வரும். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். நாகர்கோவில் பகுதிக்கு வசதிகள் மேம்படுமா என்று நாலு வரி எழுதி, ஒரு துறையிடமிருந்து இரண்டு வரி பதில் வாங்கி, அதை உறுப்பினரிடம் நீட்டக் கூச்சப்பட்டு நின்றது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எண் இல்லாத கேள்வியை நான் எழுதியதில்லை.

பயணிகள் வரத்துதான் அளவுகோல் என்று அவர்களே சொல்லும்போது, வரத்தைக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் இரணியலில் தினசரி ஏறிய பயணிகள் சராசரி எவ்வளவு, டிக்கெட் வருமானம் எவ்வளவு, நிறுத்தம் கேட்டுத் திருவனந்தபுரம் கோட்டத்திலிருந்தோ தெற்கு ரயில்வேயிலிருந்தோ ரயில்வே வாரியத்துக்குப் பரிந்துரை போனதா, போனது என்றால் எந்தத் தேதியில்? தேதி கேட்டால் கோப்பு அசையும்.

அப்புறம், நிறுத்தம் கிடைத்தாலும் பெரும்பாலும் சோதனை அடிப்படையில்தான் தருவார்கள். அந்த மாதங்களில் இரணியலில் ஏறுகிறவர்கள் இரணியலில் இருந்தே டிக்கெட் எடுக்க வேண்டும். பழக்கத்தில் நாகர்கோவில் ஜங்ஷன் என்று போட்டு எடுத்தால் அந்தக் கணக்கு ஜங்ஷனுக்குப் போய்விடும். உங்கள் ஊர்ப் பயணிகள் சங்கம் இதை வீடு வீடாகச் சொல்லட்டும்.

கேள்வி (குளச்சல்): ‘பரிசீலனையில் உள்ளது’, ‘கொள்கையளவில் ஒப்புதல்’. இவை வெறும் சமாளிப்பா?

பதில்: சொல்கிறவர் எந்த எண்ணத்தில் சொன்னாலும், அவைக்குள் சொன்ன ‘பரிசீலனையில் உள்ளது’ வெறும் வார்த்தையாக நின்றுவிடுவதில்லை. ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’, ‘ஆராய்ந்து பார்க்கிறேன்’ போன்ற வாசகங்கள் அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படும். அதற்கென்றே மக்களவையில் 1953-இலிருந்து அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, 15 உறுப்பினர்கள். மாநிலங்களவையிலும் ஒன்று உண்டு. உறுதிமொழி கொடுத்த அமைச்சகம் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி அறிக்கை வைக்க வேண்டும். முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். ஏன் தாமதம் என்று அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. நம் சட்டப் பேரவையிலும் இதே பெயரில் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் வந்து ஆய்வும் செய்வார்கள்.

ஆகவே அந்த வாசகம் வந்தால் சோர்ந்துபோகாதீர்கள். கேள்வி எண், தேதி இரண்டையும் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து, ‘இந்த எண்ணில் தந்த உறுதிமொழி என்ன ஆயிற்று’ என்று உங்கள் உறுப்பினருக்கும் குழுவுக்கும் எழுதுங்கள். இதை யாரும் செய்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பதிலை வாசிக்கும் விதமும் உண்டு. கேள்வியில் (அ), (ஆ), (இ), (ஈ) என்று நாலு பகுதி இருக்கும். பதில் ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று ஒரே பத்தியாக வந்தால் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, எந்தப் பகுதிக்குப் பதில் எங்கே இருக்கிறது என்று கோடு போடுங்கள். ஏதாவது ஒன்றுக்குக் கோடு விழாது. அடுத்த கேள்வி அதுதான்.

‘கொள்கையளவில் ஒப்புதல்’ வேறு கதை. உங்கள் பக்கத்து இனயத்தையே எடுத்துக்கொள்வோம். பெருந்துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை 2016 ஜூலையில் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கடற்கரை ஊர்கள் எதிர்த்தன. பிறகு இடம் கிழக்கே கோவளம், மணக்குடி பக்கம் நகர்ந்தது, அங்கும் எதிர்ப்பு. துறைமுகம் வரவில்லை. கொள்கையளவில் ஒப்புதல் என்பது பண ஒதுக்கீடும் அல்ல, சுற்றுச்சூழல் அனுமதியும் அல்ல. விரிவான திட்ட அறிக்கை, அனுமதிகள், நிதி என்று ஒவ்வொரு படியும் தனி. திட்டம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ‘இப்போது எந்தப் படியில் நிற்கிறது’ என்று கேட்க வேண்டும். அந்தப் பதில் இரண்டு பேருக்கும் தேவை.

கேள்வி (தக்கலை): நட்சத்திரக் கேள்வி என்றால் கௌரவமா? எங்கள் கோரிக்கையை அதில்தான் கேட்க வேண்டுமா?

பதில்: நட்சத்திரக் குறியிட்டது வாய்மொழிப் பதிலுக்கு. அமைச்சர் அவையில் எழுந்து சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் பட்டியலில் வரும். கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான் என்பதால் சில கேள்விகளே வாய்க்கு வரும், மற்றவற்றின் பதில் எழுத்தில் வைக்கப்படும். குறியிடாத கேள்விகள் 230 வரை, எல்லாம் எழுத்தில். புள்ளிவிவரம் வேண்டும் என்றால் குறியிடாததே போதும். அமைச்சரை மடக்கிக் கேட்க ஒரு துணைக் கேள்வி கையில் இருந்தால் மட்டும் நட்சத்திரத்துக்குப் போங்கள். இரண்டுக்கும் 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைப் பற்றி இருக்கக் கூடாது.

கேள்வி (தூத்தூர்): ஆழ்கடல் மீன்பிடிப்பு பற்றிக் கேட்டால் ‘மீன்வளம் மாநிலப் பட்டியல்’ என்கிறார்கள். எங்கள் ஆட்கள் கரை தெரியாத தூரத்துக்குப் போகிறவர்கள். யாரைக் கேட்பது?

பதில்: டெல்லியைத்தான். மாநிலப் பட்டியல் என்பது பாதி உண்மை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான கடல் எல்லைக்குள் மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு என்று அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியலின் 57-ஆவது இனம் தெளிவாகச் சொல்கிறது. சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் போகிற தூத்தூர் விசைப்படகுக்காரர்கள் தொழில் செய்வது முழுக்க அந்தக் கடலில். ஒக்கி புயல் அடித்த 2017-இல் நம் ஆட்கள் எவ்வளவு தொலைவில் இருந்தார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேள்வியின் முதல் வரியிலேயே ‘கடல் எல்லைக்கு அப்பால்’ என்று எழுதிவிடுங்கள். மீன்வளம், கால்நடை, பால்வளத்துக்கு என்று 2019-இலிருந்து மத்தியில் தனி அமைச்சகமே இருக்கிறது. மாநிலப் பட்டியல் என்று திருப்பி அனுப்ப அதன்பிறகு வழியில்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரம் போன்றவற்றுக்கு மட்டும் பேரவையில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): நான்குவழிச் சாலை ஏன் இழுக்கிறது என்று கேட்டால் மத்திய அரசு மாநிலத்தைக் காட்டுகிறது, மாநிலம் மத்தியைக் காட்டுகிறது.

பதில்: இரண்டு இடத்திலும் ஒரே கூட்டத்தொடர் காலத்தில் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலை மத்தியப் பொருள், ஒப்பந்தமும் பணமும் டெல்லி. நிலம் கையகப்படுத்தும் வேலையும், நிரப்புவதற்கு மண் எடுக்க அனுமதியும் மாநில அதிகாரிகள் கையில். குளமும் வயலுமாகக் கிடக்கும் நம் ஊரில் சாலையை உயர்த்த மண் ஏராளம் வேண்டும். டெல்லியில்: எந்தெந்த அனுமதிக்கு மாநிலத்திடம் எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள்? சென்னையில்: வந்த விண்ணப்பங்கள் எத்தனை, எந்தத் தேதியில் முடிவெடுத்தீர்கள்? இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோப்பு எங்கே தூங்கியது என்று தெரிந்துவிடும்.

கேள்வி (மார்த்தாண்டம் அருகிலிருந்து, அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் ஒரு சகோதரி): வேலை நாளும் குறைகிறது, கூலியும் கட்டுப்படி ஆகவில்லை. இதை யார் கேட்பார்கள் ஐயா?

பதில்: இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் சகோதரி. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது மாநில அரசு, எனவே உங்கள் எம்.எல்.ஏ. பேரவையில் தொழிலாளர் நல அமைச்சரைக் கேட்க வேண்டும். வேலை நாள் குறைவது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் பச்சை அண்டியின் வரத்தையும் விலையையும் பொறுத்தது. அது வணிக அமைச்சருக்கான கேள்வி. கடந்த வருடம் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே உறுப்பினருக்கு அது பெரிய ஆயுதம்.

கேள்வி (தோவாளை): காலையில் பூ கொண்டுபோக ஒரு டவுன் பஸ் கூடுதலாக வேண்டும். போக்குவரத்து அமைச்சரிடம் கேள்வி கேட்கலாமா?

பதில்: முதலில் பணிமனை மேலாளரிடமும் மண்டல அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். ஒரு டிரிப்புக்கு அமைச்சர் வரை போக வேண்டியதில்லை.

கேள்வி (பள்ளியாடி): எம்.பி.யை நேரில் பார்க்க முடியவில்லை. வேறு வழி? பதில்களை எங்கே படிப்பது?

பதில்: நம் மாவட்டத்துக்கு மக்களவை உறுப்பினர் ஒருவர்தான். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குப் போயிருக்கும் 18 பேரில் யார் வேண்டுமானாலும் உங்களுக்காகக் கேட்கலாம், அவர்களுக்கும் எழுதுங்கள். ஒரு பக்கம், ஒரே பிரச்சினை, அதற்கான எண்கள், கேட்க வேண்டிய கேள்வி எழுதிய நிலையில். அப்படி வந்த கடிதத்தை என்னைப் போன்றவர்கள் ஒதுக்கியதே இல்லை, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்களே.

பதில்கள் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அமைச்சகம், உறுப்பினர், தேதி வாரியாகக் கிடைக்கும். ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். சட்டப் பேரவை நடவடிக்கைகள் பேரவையின் தளத்தில் தமிழிலேயே இருக்கின்றன. தேட ஆரம்பிக்கும்போது ரயில்வே அமைச்சகத்தையும் தெற்கு ரயில்வேயையும் போட்டுப் பாருங்கள். பள்ளியாடி ஸ்டேஷனுக்காக யாராவது எப்போதாவது கேட்டிருக்கிறார்களா என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.