கண்காட்சி ரோஜாவா, வீட்டு ரோஜாவா?

கேள்வி: அம்மா, வணக்கம். லால்பாக் குடியரசு தின மலர்க் கண்காட்சியில் மயங்கிப் போய் நர்சரியில் புது ரோஜா ஒன்று வாங்கினேன். கடைக்காரர் ஒரு அமெரிக்கப் பட்டியலைக் காட்டி, "தோட்டத்துக்கு 7.1, கண்காட்சிக்கு 8.6" என்றார். இந்த மார்க்கை யார் போடுகிறார்கள்? ஆடி மாதம் இலை பூராவும் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. என் வளர்ப்பில்தான் குறையா?
– வாசகி, அல்சூர்

பதில்: உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. அந்த 7.1-ஐ முதலில் பார்த்திருந்தால் இந்த வருத்தம் வந்திருக்காது.

மார்க் போடுபவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. உங்களையும் என்னையும் போல வீட்டில் செடி வைத்திருப்பவர்கள். அமெரிக்க ரோஜா சங்கம் வருடா வருடம் உறுப்பினர்களைக் கேட்கும்: புதிதாக வந்த இந்த ரகத்தை வளர்த்தீர்களா, எத்தனை செடி, எத்தனை வருடம், தோட்டச் செடியாகப் பத்துக்கு எவ்வளவு, கண்காட்சிப் பூவாகப் பத்துக்கு எவ்வளவு என்று. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போடுவார்கள். 8-க்கு மேலே என்றால் நம்பி நடலாம். 7 என்றால் சுமார். 6-ம் அதற்குக் கீழேயும் வாங்க வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டு மார்க்கும் இரண்டு வேறு பரீட்சை. கண்காட்சி மேஜையில் செடி இருக்காது, பூ மட்டும்தான் இருக்கும். அங்கே 100-க்குப் பூவின் வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, காம்புக்கும் இலைக்கும் 20, இதழின் விறைப்புக்கு 15, அளவுக்கு 10, பூவும் காம்பும் பொருந்தி நிற்பதற்கு 10. ஹைப்ரிட் டீ, அதாவது நீளக் காம்பில் ஒற்றைப் பெரிய பூவாகப் பூக்கும் ரோஜா வகை என்றால், பாதி முதல் முக்கால் வரை விரிந்திருக்க வேண்டும். நடுவர் குனிந்து மேலிருந்து பார்ப்பார். நடுக்குருத்து ஒரே கூராக எழும்பி, சுற்றி இதழ்கள் சுருள் சுருளாக இறங்க வேண்டும். அந்தக் குருத்து இரண்டாகப் பிளந்திருந்தால் எத்தனை பெரிய பூவானாலும் பின்னுக்குப் போய்விடும். அந்தப் பூவைக் கொடுத்த செடி மழையில் மொட்டையாக நின்றதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மல்லேஸ்வரத்தில் என் மாடியில் 'ஃபர்ஸ்ட் பிரைஸ்' வளர்த்தேன். பெயருக்கேற்ற இளஞ்சிவப்புப் பூ, மொட்டே சுட்டுவிரல் நீளம். ஒரு வருடத்தில் ஒன்பது பூதான் கொடுத்தது. மழை தொடங்கியதும் அடி இலையில் கரும்புள்ளி, ஓரம் நூல் பிரிந்ததுபோலப் பிசிறு பிசிறாக. பத்து நாளில் குச்சிதான் மிச்சம். அதே வரிசையில் 1958-ல் ஜெர்மனியில் உருவான வெள்ளை 'ஐஸ்பெர்க்'. கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோக எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாமிக்குப் பூ இல்லை என்று ஒருநாளும் என்னைச் சொல்ல விட்டதில்லை. எனக்கு அதுதான் பத்துக்கு ஒன்பது.

இன்னொன்று. அந்தச் சராசரியில் பனியில் உறையும் மின்னசோட்டாவும் புழுங்கும் ஃபுளோரிடாவும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நம் பெங்களூரு அதில் இல்லை. ஜெர்மானியர்கள் புது ரகங்களைப் பல ஊர்களில் மருந்தே அடிக்காமல் மூன்று வருடம் வைத்துப் பார்த்துத்தான் ஏ.டி.ஆர். முத்திரை தருகிறார்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். இரண்டு மழைக்காலம் மருந்தில்லாமல் விட்டு, மாதம் எத்தனை பூ, எத்தனை இலை நின்றது, பூ எத்தனை நாள் தாங்கியது என்று எழுதுங்கள். அடுத்த செடி வாங்கும்போது ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் 'அர்கா' ரகங்களையும், கொடைக்கானலில் வீரராகவன் அவர்கள் நம் வெப்பத்துக்கென்றே உருவாக்கிய ரகங்களையும் விசாரியுங்கள்.

இப்போதைய செடியைப் பிடுங்காதீர்கள். விழுந்த இலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், தொட்டியில் விடாதீர்கள். காலையில் வேரில் மட்டும் தண்ணீர். இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாகவே இருந்தால்தான் கரும்புள்ளி நோயைத் தரும் பூஞ்சை உள்ளே இறங்கும்.

கேள்வி: ஜனவரிக் கண்காட்சிக்கு எப்போது கவாத்து செய்வது? பக்க மொட்டுகளைக் கிள்ள வேண்டுமா?
– வாசகர், ஜீவன் பீமா நகர்

பதில்: கண்காட்சி நாளிலிருந்து ஏழு வாரம் பின்னால் எண்ணுங்கள். டிசம்பர் முதல் வாரம் வரும். ஒரே நாளில் எல்லாச் செடியையும் வெட்டாமல் நாலைந்து நாள் இடைவெளி விட்டு மூன்று தவணையாக வெட்டினால் ஏதாவது ஒன்று சரியான பருவத்தில் கைக்கு வரும். ஹைப்ரிட் டீக்குக் கிள்ளத்தான் வேண்டும், ஒரு காம்புக்கு ஒரு பூ. பக்க மொட்டு மிளகு அளவில் இருக்கும்போதே விரலால் சாய்த்து எடுத்துவிடுங்கள். பட்டாணி அளவு ஆகவிட்டால் காம்பில் தழும்பு நிற்கும், நடுவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.