"நீ எந்தக் கட்சி, அம்மா?"

கேள்வி: எனக்கு வயது 27. ஈரோட்டில் கணக்கராக வேலை பார்க்கிறேன். இரண்டு மாதத்தில் திருமணம். வருங்கால மாமனார் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறார். போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர், "இலவச அரிசி கொடுத்தே ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு, "நீ எந்தக் கட்சி, அம்மா?" என்று கேட்டார். அப்பா இறந்த பிறகு, தையல் வேலைக்குப் போன அம்மாவின் சம்பளத்திலும் ரேஷன் அரிசியிலும் வளர்ந்தவள் நான். ஆனாலும், "எனக்கு அரசியல் தெரியாது, மாமா" என்று சொல்லிவிட்டேன். அது பொய். மாப்பிள்ளையோ, "அப்பா பேசினால் தலையாட்டிவிடு" என்கிறார். என் கொள்கையை எப்படித்தான் எடுத்துச் சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று மாமனாருக்கு மட்டுமல்ல, யாருக்குமே சொல்ல வேண்டியதில்லை. வாக்குச்சாவடிப் பணியில் இருப்பவர் அந்த ரகசியத்தை வெளியே விட்டால், 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை உண்டு. ஆகவே கட்சிப் பெயரை விட்டுவிடுங்கள். அதைச் சொன்னாலும் உங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்துவிடாது. என் அண்ணனைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இது.

பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று 1989-ல் கருணாநிதி ஆட்சியில் சட்டம் வந்தது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டு, அறுபது ஆண்டு கழித்துக் கைக்கு வந்த உரிமை. அண்ணன் அந்தக் கட்சிக்காரர். தெருமுனைக் கூட்டத்தில் இதைப் பேசிக் கைதட்டல் வாங்கியவர். ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அந்தச் சட்டத்தில் பங்கு இருக்கவில்லை. எனக்கு 1987-ல் கல்யாணம், அதனால் இல்லை. தங்கைக்கு 1991-ல், அவளுக்கு உண்டு. 1994-ல் பாகப்பிரிவினை வந்தபோது, அண்ணன் அவளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். "அதுதான் சீர் செய்தாயிற்றே" என்றார். கட்டைவிரல் மை காயாத கையோடு வந்து, அவளே எங்கள் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள்.

அன்று யாராவது கட்சி எது என்று கேட்டிருந்தால், அண்ணன் பளிச்சென்று பதில் சொல்லியிருப்பார்.

அதனால் கொள்கை விளக்க உரையெல்லாம் தயார் செய்யாதீர்கள். (அதற்குத் தொலைக்காட்சியில் தினமும் இரவு ஆட்கள் வருகிறார்கள்.) உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். "மாமா, ரேஷன் அரிசி வாங்கியதால்தான் அம்மாவின் தையல் கூலியில் என் கல்லூரிக் கட்டணத்துக்கு மிச்சம் பிடிக்க முடிந்தது. அதை வாங்கினோம் என்பதற்காக அம்மா ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. சோற்றுக்கு இல்லை என்று ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது, அதை அரசாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்." இவ்வளவு போதும். 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்குக் கொடுத்தது ஒரு கட்சி, 2011-ல் விலையே வேண்டாம் என்றது இன்னொரு கட்சி. உங்கள் வீட்டுப் பானையில் வெந்தது ஒரே அரிசிதான்.

சொல்லிவிட்டு அவரையும் கேளுங்கள். ஆள் கிடைக்காமல் தையல் மெஷின் சும்மா கிடக்கும் கவலையில் அவர் அப்படிப் பேசியிருக்கலாம். ரேஷன் அரிசி கடத்தப்படுகிறதே என்றால், ஆமாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். கார் வைத்திருப்பவருக்கும் எதற்கு அரிசி என்று கேட்டு, அதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், "தெரியவில்லை மாமா, யோசிக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். போன வாரம் சொன்ன "தெரியாது"வைப் போல இது உறுத்தாது.

ஆனால் எனக்கு மாமனாரைவிட, தலையாட்டச் சொன்னவரைப் பற்றித்தான் யோசனை. அந்த அரிசிக் கதை அவருக்குத் தெரியுமா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. முதலில் அவரிடம் சொல்லிப் பாருங்கள். கல்யாணத்துக்குத்தான் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே.